மால்கம் என்றால் மொட்டையா, புறாவா?

கேள்வி இதுதான்: “எங்கள் தாத்தாவின் ஞானஸ்நானப் பெயர் மால்கம். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர், ஊரில் எல்லோருக்கும் மால்கம் சார். போன மாதம் தம்பிக்கு மகன் பிறந்திருக்கிறான், தாத்தா பெயரையே வைக்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. பெயர்ப் புத்தகம் ஒன்றில் ‘புறா’ என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் ‘தலைவன்’ என்று இருக்கிறது. சித்தப்பாவோ, அதற்கு மொட்டைத்தலையன் என்று அர்த்தம், பிள்ளைக்கு வைக்காதீர்கள் என்கிறார். எது உண்மை?”

சித்தப்பா சொன்னது சரிதான். ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார். மீதியையும் சொல்லியிருந்தால் உங்கள் அப்பா அன்றைக்கே ஆலயத்துக்குப் போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டு வந்திருப்பார். புறா என்று எழுதிய புத்தகமும் பாதி சரி. தலைவன் என்பதற்கு மட்டும் அந்தப் பெயருக்குள் இடமே இல்லை, அதை விட்டுவிடுங்கள். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை அடிக்கடி கேட்கிறார்கள்: மால்கமில் இருக்கும் ‘மால்’ திருமால் இல்லை. ஓசை ஒன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பெயர் ஸ்காட்லாந்தில் வளர்ந்தது, அதன் மொழி அயர்லாந்திலிருந்து வந்தது. பழைய கேலிக் மொழியில் அது இரண்டு சொல். முதல் சொல் ‘மாய்ல்’, இரண்டாவது ‘கொலும்’. சேர்த்தால் ‘மாய்ல் கொலும்’. நூற்றாண்டுகளாக வாயில் உருண்டு, லத்தீன் எழுத்தர்கள் கையிலும் ஆங்கில எழுத்தர்கள் கையிலும் மாறி, மால்கம் ஆகியிருக்கிறது. ஆங்கில எழுத்தில் பார்த்தால் உள்ளே இரண்டு ‘ல்’ இருக்கும், பேசும்போது இரண்டாவது காணாமல் போய்விடும். நாம் தமிழில் ‘மால்கம்’ என்று எழுதுகிறோமே, அது உச்சரிப்புக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிற எழுத்து. தாத்தா காலத்தில் எழுதியவர் காதால் கேட்டு எழுதியிருக்கிறார்.

‘மாய்ல்’ என்றால் மொட்டை. நம் மொட்டை எப்படித் தலைக்கு மட்டும் நிற்காமல் மொட்டை மாடி, மொட்டை மரம், மொட்டைக் கடிதாசி என்று போய்க்கொண்டே இருக்கிறதோ, அதே மாதிரிதான் அந்தச் சொல்லும். கொம்பில்லாத மாட்டுக்கு அதுதான் பெயர். நம் பழைய ஆட்கள் மோழை மாடு என்பார்களே, அதுதான். மரமில்லாமல் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் பாறை முனைக்கும் அதுதான் பெயர். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ‘மல் ஆஃப் கின்டையர்’ என்று ஒரு முனை இருக்கிறது, அந்த ‘மல்’ இதே சொல்தான். நம் ஊர்ப் பக்கம் செடிகொடி இல்லாத குன்றை மொட்டை மலை என்பதுபோல.

சரி, மொட்டைத்தலை எப்படிப் பெயராயிற்று? அதற்குத் தலைமுடி அந்தக் காலத்தில் என்னவாக இருந்தது என்று பார்க்க வேண்டும். சுதந்திரமான ஆள், குலத்துக்காரன், போர்வீரன் என்றால் முடி வளர்த்திருப்பான். முடியை ஒட்ட வெட்டியிருந்தால் அவன் அடிமை. தலையைப் பார்த்தாலே ஒருவன் யாருக்கு உரியவன் என்று தெரிந்துவிடும். கிறிஸ்தவத் துறவிகள் அந்த அடையாளத்தை விருப்பப்பட்டு எடுத்துக்கொண்டார்கள். ‘நான் என் சொந்த ஆள் இல்லை, கடவுளுக்கு அடிமை’ என்று சொல்வதற்காகவே மடத்தில் சேரும்போது தலையை மழித்துக்கொண்டார்கள். அதனால் ‘மாய்ல்’ என்ற சொல்லுக்குத் துறவி என்ற பொருள் வந்தது, அதிலிருந்து ஊழியன், அடியான் என்ற பொருள் வந்தது. பெயருக்குள் போய் உட்கார்ந்தது இந்தப் பொருள்தான்.

இந்த மழிப்பு கத்தோலிக்கத் திருச்சபையில் குருநிலைக்குள் நுழையும் சடங்காகவே நெடுங்காலம் இருந்தது. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதை எடுத்துவிட்டார், அதற்கு முன்பு குருமடத்தில் இருந்த மூத்த சாமியார்களைக் கேட்டால் ஆயர் கத்தரிக்கோலால் உச்சியில் கொஞ்சம் முடி வெட்டியதைச் சொல்வார்கள். ஆனால் ஆதியில் இதற்காகப் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. உரோமை முறை உச்சந்தலையை மழித்து, சுற்றி முள்முடிபோல ஒரு வளையம் விடுவது. அயர்லாந்து முறை காதிலிருந்து காதுவரை முன்பக்கத்தை மழித்துவிட்டுப் பின்பக்கம் முடியை விடுவது என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். எது சரியான மொட்டை? முன்குடுமியா பின்குடுமியா, வடகலையா தென்கலையா என்று பார்த்து வளர்ந்த நமக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. 664இல் இங்கிலாந்தின் விட்பி என்ற இடத்தில் ஒரு சங்கம் கூடியது. பாஸ்கா நாளை, அதாவது ஈஸ்டரை, எப்படிக் கணக்கிடுவது என்பதுதான் பெரிய வழக்கு, தலை மழிப்பும் கூடவே நின்றது. அயர்லாந்து பக்கம் பேசிய ஆயர், நாங்கள் எங்கள் தந்தை கொலும்பா வழியில் நடக்கிறோம் என்றார். உரோமை முறைக்காகப் பேசிய எதிர்ப்பக்கம், உங்கள் கொலும்பா எவ்வளவு புனிதராக இருந்தாலும் இயேசுவின் சீடர் பேதுருவைவிடப் பெரியவரா என்று கேட்டது. அரசன் பேதுரு பக்கம் சாய்ந்தான். கொலும்பாவின் மடம் அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டுக்கு மேல் தன் வழக்கத்தை விடவில்லை. 716இல் உரோமைப் பாஸ்கா நாளை ஏற்றுக்கொண்டார்கள், மழிப்பு முறையை அதற்கும் இரண்டு வருடம் கழித்துத்தான் மாற்றினார்கள்.

அந்தக் கொலும்பாதான் உங்கள் தாத்தா பெயரின் இரண்டாம் பாதி.

கொலும் என்றால் புறா. லத்தீனில் கொலும்பா. அவர் பிறந்தது 521இல், அயர்லாந்தின் வடமேற்கே டோனிகால் பகுதியில், அரச குலத்தில். அவருடைய பிறப்புப் பெயர் கிரிம்தன் என்று ஒரு மரபுக் கதை உண்டு, கிரிம்தன் என்றால் நரி. ஆலயத்தையே சுற்றிச் சுற்றி வந்த பிள்ளை என்பதால் ‘ஆலயப் புறா’, அவர்கள் மொழியில் கொலும் கில்லே, என்று பெயர் மாறியதாகச் சொல்வார்கள். கதையோ நிஜமோ, அயர்லாந்தில் இன்றைக்கும் அவருக்கு அந்தப் பெயர்தான்.

அவரைப் பற்றிய கதைகளில் எனக்கு மிகவும் நெருக்கமானது சங்கீதப் புத்தகக் கதை. சங்கீதம் என்றால் இங்கே பைபிளில் வரும் துதிப் பாடல்கள். தன் குருவிடம் இருந்த சங்கீத ஏட்டை அவர் இரவோடு இரவாக ரகசியமாகப் படியெடுத்தாராம். குரு கண்டுபிடித்து, படியும் எனக்கே சொந்தம் என்று அரசனிடம் வழக்குக்குப் போக, அரசன் ‘கன்று பசுவுக்கு, படி மூலத்துக்கு’ என்று தீர்ப்புச் சொன்னானாம். அதில் பிறந்த பகை 561இல் பெரிய போராகி நிறையப் பேர் செத்தார்கள் என்றும், அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகத்தான் அவர் ஊரைவிட்டே போனார் என்றும் கதை முடியும். அவர் கைப்பட எழுதியது என்று மரபு சொல்லும் ஒரு சங்கீத ஏடு டப்ளினில் அயர்லாந்து அரச கழகத்தில் இருக்கிறது. தோல் ஏடு, 58 இதழ்கள் மிஞ்சியிருக்கின்றன. அதன் முதலெழுத்துகளைப் படத்தில் பாருங்கள், பத்தித் தொடக்கத்தில் பெரிதாக ஒரு எழுத்து, அடுத்தது கொஞ்சம் சிறியது, அதற்கடுத்தது இன்னும் சிறியது என்று படிப்படியாக இறங்கி வரியோடு கலந்துவிடும். எழுதியவர் எவ்வளவு நிதானமாக உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்று அதிலேயே தெரியும்.

563இல் பன்னிரண்டு பேரோடு படகேறி ஸ்காட்லாந்தின் மேற்கே ஒரு சின்னத் தீவில் இறங்கினார். இன்று அதன் பெயர் அயோனா. அங்கே மடம் கட்டினார், அந்த மடத்திலிருந்துதான் அந்த நாட்டின் பெரும் பகுதிக்குக் கிறிஸ்தவம் போனது. 597 ஜூன் 9இல் அங்கேயே இறந்தார். நூறு ஆண்டுகள் கழித்து அந்த மடத்தின் ஒன்பதாவது தலைவர் அதம்னான் அவர் வரலாற்றை எழுதினார், அதன் முன்னுரையிலேயே பெயர் விளக்கம் வருகிறது: எபிரேயத்தில் யோனா, கிரேக்கத்தில் பெரிஸ்தெரா, லத்தீனில் கொலும்பா, மூன்றும் புறாதான், யோனா தீர்க்கதரிசியின் பெயரும் இவர் பெயரும் ஒன்றே என்கிறார். அப்படியென்றால் அயோனா தீவும் யோனாதானே என்று தோன்றும். தற்செயல். தீவின் பழைய பெயர் அயோவா மாதிரி ஒன்று. ஏடு பெயர்த்து எழுதியவர்கள் ஒரு எழுத்தை மாற்றிப் படித்ததில் அயோனா ஆனது. இதே மாதிரி, கொழும்புக்கும் இந்தப் புறாவுக்கும் சம்பந்தமில்லை. போர்த்துக்கீசர் வருவதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இபின் பதூதா அந்த ஊரைக் கலன்பு என்று எழுதிவிட்டார்.

ஆக மால்கம் என்றால் ‘புனித கொலும்பாவுக்காகத் தலை மழித்தவன்’, கொலும்பாவின் அடியான். யேசுதாசன், சூசைதாசன், அருள்தாஸ், கிருஷ்ணதாஸ், அப்துல்லா, எல்லாம் இதே வார்ப்புதான். அதிலும் கொலும்பா கடவுள் இல்லை, அவரே ஒரு அடியார், அதனால் மால்கம் என்பதற்குத் தமிழில் சரியான சொல் கேட்டால் ‘அடியார்க்கு அடியான்’ என்றுதான் சொல்வேன்.

ஏன் நேராகக் கொலும்பா என்றே பிள்ளைக்கு வைக்கவில்லை? கூச்சம், பக்தி. நாம் அந்தோணி, சவரி, சூசை என்று புனிதர் பெயரைத் தயங்காமல் வைத்துவிடுகிறோம். அந்த மக்கள் நெடுங்காலம் அப்படிச் செய்யவில்லை. அயர்லாந்தின் பெரிய புனிதர் பாட்ரிக், ஆனால் அந்நாட்டுக் கேலிக் குடும்பங்கள் பிள்ளைக்குப் பாட்ரிக் என்று வெறுமனே வைப்பதற்குப் பல நூற்றாண்டு பிடித்தது, அதுவரை ‘மாய்ல் பாத்ரிக்’, பாட்ரிக்கின் அடியான். மாதாவுக்கு ‘மாய்ல் முய்ரே’, பிரிஜித் அம்மாவுக்கு ‘மாய்ல் பிரிக்தே’, இயேசுவுக்கு ‘மாய்ல் ஈசு’. மாதாவின் பெயரை இன்றும் ஐரிஷ் மொழியில் அவருக்கென்றே தனியாக வைத்திருக்கிறார்கள், பெண் பிள்ளைகளுக்கு வைக்கும் மரியாள் வேறு வடிவம். அந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

காலப்போக்கில் ‘மாய்ல்’ இருந்த இடத்துக்கு ‘கில்லே’ என்று இன்னொரு சொல் வந்தது. பையன், பணியாள் என்று பொருள், நம் வழக்கில் கடைப் பையன் என்கிறோமே அந்தப் ‘பையன்’. கொலும் கில்லேயில் ஆலயத்தைக் குறித்த ‘கில்லே’ வேறு, இது வேறு சொல். கில்லே கிறிஸ்து, கிறிஸ்துவின் ஊழியன், அதுதான் கில்கிறிஸ்ட். கில்லே எஸ்பிக், ஆயரின் ஊழியன், அது கில்லஸ்பி. ஆடம் கில்கிறிஸ்ட்டும் ஜேசன் கில்லஸ்பியும் ஒரே ஆஸ்திரேலிய அணியில் ஆடியதைப் பார்த்தவர்கள் நாம். ஆயரின் ஊழியன் வீசிய பந்தைக் கிறிஸ்துவின் ஊழியன் பின்னால் நின்று பிடித்ததாக எத்தனை முறை ஸ்கோர் பலகையில் வந்திருக்கிறது!

கில்லஸ்பி என்ற பெயர் தமிழ்நாட்டு வரலாற்றில் வேறு ஒரு இடத்தில் இருக்கிறது. 1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த அன்று, ஆற்காட்டுப் பக்கமிருந்து குதிரைப்படையோடு வந்து அதை இரத்தத்தில் அடக்கிய அதிகாரி ரோலோ கில்லஸ்பி. அந்த எழுச்சிக்கு என்ன காரணம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள்: புதுத் தலைப்பாகை, அதில் தோல் பட்டம், நெற்றியில் சின்னம் கூடாது, காதணி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையை வெட்ட வேண்டும். முடி யாருக்கு உரியது என்ற கேள்வி அங்கேயும் நிற்கிறது. தானாகக் கொடுத்தால் காணிக்கை, மேலிருந்து ஆணை போட்டு எடுத்தால் அவமானம். மால்கம் என்ற பெயரின் மொட்டை முதல் வகை. சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்ததற்கு முன்பே தெரியும். ஏழு வயதில் எனக்குக் கடும் காய்ச்சல் வந்து பிழைத்தேன், அம்மா வேளாங்கண்ணி மாதாவுக்கு முடி நேர்ந்திருந்தார். விடிகாலையில் பஸ்ஸைவிட்டு இறங்கி நேராக முடி எடுக்கும் இடத்துக்குப் போனோம். சுற்றிலும் இந்துக் குடும்பங்கள், முஸ்லிம் குடும்பம் ஒன்று, நாங்கள். ஒரு குவளைத் தண்ணீரைத் தலையில் ஊற்றித் தேய்த்தார்கள், கத்தி உச்சியிலிருந்து நெற்றிக்கு இறங்கும்போது கரகரவென்று மண்டைக்குள் கேட்டது, நனைந்த முடி மடியில் கொத்தாக விழுந்தது. அப்புறம் சந்தனம். வெளியே வந்ததும் கடல் காற்று பட்டு சந்தனம் இறுகித் தலை முழுக்கச் சுருக்கென்று இழுத்தது இப்போதும் நினைவிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மொட்டை என்று கூப்பிட்டார்கள், வாத்தியார் மட்டும் ‘எந்தக் கோயில்டா?’ என்று கேட்டார். மொட்டையைப் பார்த்ததும் எந்தக் கோயில் என்று கேட்கிற ஊரில் மால்கம் என்ற பெயர் விளங்காமல் போகாது. உங்கள் தாத்தா பெயரைச் சொன்னால் வரவேண்டிய கேள்வியும் அதுதான், யாருக்கு நேர்ந்தது? பதிலும் பெயரிலேயே இருக்கிறது, கொலும்பாவுக்கு.

மால்கம் என்று பெயர் வைத்த எல்லோரும் துறவிகளா என்றால் இல்லை. தொடக்கத்தில் மடத்தோடு தொடர்புள்ளவர்களுக்கு இருந்திருக்கும், பிறகு ஞானஸ்நானத்தில் பிள்ளைக்கு வைக்கும் பெயராகிவிட்டது, தலையை யாரும் மழிக்கவில்லை. ஸ்காட்லாந்துக்கு இந்தப் பெயரில் நான்கு அரசர்கள். முதலாம் மால்கம் 943இல் பட்டத்துக்கு வந்தார். எப்படி வந்தார் என்பதுதான் விசேஷம், அவருக்கு முன்பு ஆண்ட கான்ஸ்டன்டைன் வயதான காலத்தில் அரியணையை விட்டுவிட்டு செயின்ட் ஆண்ட்ரூஸ் மடத்துக்குத் துறவியாகப் போய்விட்டார். அரசன் தலை மழித்துக்கொள்ளப் போக, மழித்தவன் என்ற பெயர்க்காரர் முடி சூடினார். மூன்றாம் மால்கம்தான் ஷேக்ஸ்பியரின் மெக்பெத் நாடகத்தில் வரும் இளவரசன். உண்மையில் மெக்பெத் பதினேழு ஆண்டுகள் ஆண்டவர், 1057இல் மால்கம் தரப்போடு நடந்த சண்டையில் செத்தார், அடுத்த வருடம் மால்கம் அரசனானார். மெக்பெத் என்ற பெயரும் குடும்பப் பெயர் இல்லை, ஞானஸ்நானப் பெயர் மாதிரிதான், ‘வாழ்வின் மகன்’, அதாவது பக்திமான் என்று பொருள். நாடகத்தைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொன்னால் நம்பவே மாட்டார்கள். மூன்றாம் மால்கமுக்குக் ‘கான்மோர்’ என்று பட்டப் பெயர், பெரிய தலை. பெருந்தலைவன் என்றும் கொள்ளலாம். பெயர்ப் புத்தகக்காரர் ‘தலைவன்’ என்று போட்டது இதைப் பார்த்துக் குழம்பியதாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

அவர் மனைவி மார்கரெட், பின்னாளில் 1250இல் புனிதராக உயர்த்தப்பட்டவர், ஆங்கில அரச குலத்துப் பெண். அவர்களுடைய பிள்ளைகளின் பெயரைப் பாருங்கள்: எட்வர்ட், எட்மண்ட், எதல்ரெட், எட்கர், அலெக்சாண்டர், டேவிட். ஒன்றுகூடக் கேலிக் பெயர் இல்லை. கடைசி மகன் டேவிட்டின் பேரன் நான்காம் மால்கம் 1165இல் இளவயதில் இறந்தார், அதற்குப் பிறகு அந்தப் பெயரில் அரசர் யாரும் இல்லை. பெயர் அரண்மனையைவிட்டு இறங்கிச் சாதாரண குடும்பங்களிடம் வந்துசேர்ந்தது. ‘மாய்ல்’ உதிர்ந்து தனியாக நிற்கும் கேலம் என்ற வடிவமும் இன்றைக்கு அங்கே சகஜம், மெக்கல்லம் என்ற குடும்பப் பெயருக்குள் இருப்பதும் அதே புறாதான்.

இது நம் பக்கம் எப்படி வந்தது என்பதற்குப் பல வழி உண்டு. முதலில் கம்பெனி. ஜான் மால்கம் என்று ஒருவர், 1783இல் பதினான்கு வயதுகூட நிறையாத பையனாக மதராஸில் வந்து இறங்கினார். அதற்குமுன் லண்டனில் நேர்முகத்தில், ஹைதர் அலியைக் கண்டால் என்ன செய்வாய் என்று கேட்டதற்கு, வாளை உருவி அவன் தலையை வெட்டுவேன் என்று சொன்னதாகவும், அதற்காகவே எடுத்துக்கொண்டதாகவும் கதை. பிற்காலத்தில் பம்பாய் கவர்னரானார், மகாபலேஸ்வரத்தில் மால்கம் பேட்டை அவர் பெயரில் வந்தது. ஆனால் அவருக்கு மால்கம் குடும்பப் பெயர், நம் கேள்விக்கு அவர் முக்கியமில்லை.

முக்கியம் ஸ்காட்லாந்து மிஷன். எழும்பூர் ஆண்ட்ரூஸ் ஆலயம் 1821இல் திறந்தது. ஜான் ஆண்டர்சன் 1837இல் தொடங்கிய பள்ளிதான் பின்னாளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஆனது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்று மிஷன் பரவியது. செங்கல்பட்டில் இருக்கும் பள்ளிக்குப் பெயரே தூய கொலம்பா பள்ளி. யோசித்துப் பாருங்கள், மேற்குக் கடலில் ஒரு சின்னத் தீவில் 597இல் இறந்த துறவியின் பெயர் செங்கல்பட்டுப் பிள்ளைகளின் சட்டைப் பையில் இருக்கிறது. இலங்கை மலையகத்திலும் இதே தடம் உண்டு, டிக்கோயாப் பக்கம் டன்கெல்ட் என்ற தேயிலைத் தோட்டம், அந்தப் பெயருக்குரிய ஸ்காட்லாந்து ஊர்தான் அயோனாவை வைக்கிங்குகள் சூறையாடிய காலத்தில், 849 அளவில், கொலும்பாவின் திருப்பண்டங்களைக் கொண்டுபோய் வைத்ததாகச் சொல்லப்படும் இடம். இப்படி ஸ்காட்லாந்துப் போதகர்களும் டாக்டர்களும் ஆசிரியர்களும் இருந்த ஊர்களில், மதிப்பு வைத்த ஒருவரின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது சாதாரணமாக நடந்தது. ஆண்டர்சன், மில்லர், டங்கன் என்றெல்லாம் நம் கிறிஸ்தவக் குடும்பங்களில் பெயர் இருப்பது இதனால்தான்.

தமிழர்களில் இந்தப் பெயருக்குப் பெருமை சேர்த்தவர் என்று எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் மால்கம் சத்தியநாதன் ஆதிசேஷய்யா. 1910இல் வேலூரில் பிறந்தவர், பொருளியலாளர், யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநர் வரை உயர்ந்தவர், திரும்பி வந்து 1971இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார், அடையாறு காந்தி நகரில் இன்றும் நடக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார். அவர் முழுப் பெயரை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். கொலும்பாவின் அடியான், சத்தியத்தின் நாதன், திருமால் பள்ளிகொண்ட பாம்பு. மூன்றும் ஒரே மனிதரிடம் உரசாமல் இருந்தன. முதலும் கடைசியும் பணிவிடையைப் பற்றிய பெயர்கள், ஆதிசேஷனைவிட அடிமை செய்தவர் யார்?

உலக அளவில் இந்தப் பெயரைச் சொன்னதும் எல்லோரும் நினைப்பது அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸை. 1925இல் மால்கம் லிட்டில் என்று பிறந்தவர், லிட்டில் என்ற குடும்பப் பெயர் அடிமைகளை வைத்திருந்தவனிடமிருந்து வந்தது என்று அதைத் தூக்கி எறிந்துவிட்டு, தெரியாமல் போன ஆப்பிரிக்கப் பெயரின் இடத்தில் எக்ஸ் என்று போட்டுக்கொண்டார். மால்கமை உலகம் விடவில்லை. ஹஜ் போய்வந்த பிறகு மாலிக் என்றும் பெயர் கொண்டார். அப்புறம் பார்படோஸின் வேகப்பந்து வீச்சாளர் மால்கம் மார்ஷல். 81 டெஸ்ட், 376 விக்கெட். 1983 டிசம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியா ஒரு ரன்கூட எடுக்காத நிலையில் இரண்டு விக்கெட்டைச் சாய்த்தார், அதற்குப் பிறகு வந்து கவாஸ்கர் அடித்த 236ஐ அன்றைக்கு மைதானத்தில் இருந்தவர்கள் இன்னும் பேசுகிறார்கள். கரீபியன் தீவுகளில் ஸ்காட்லாந்துப் பெயர்கள் நிறைய இருப்பதற்குக் காரணம் கரும்புத் தோட்டங்கள், அது துயரமான வழி. ஒரே பெயர் மடத்தின் வழியாகவும் வந்திருக்கிறது, சங்கிலியின் வழியாகவும் வந்திருக்கிறது, மிஷன் பள்ளிக்கூடத்தின் வழியாகவும் வந்திருக்கிறது. உங்கள் தாத்தாவுக்கு எந்த வழியில் வந்தது என்பது அவருடைய ஞானஸ்நானப் பதிவில் தெரியலாம். அந்தப் பழைய பதிவேடுகளில் பிள்ளை பெயர், தகப்பன் பெயர், தொழில், ஞானஸ்நானம் கொடுத்தவர் பெயர் என்று கட்டம் கட்டி எழுதியிருப்பார்கள். கொடுத்தவர் பெயரைக் கட்டாயம் பாருங்கள், அதிலேயே ஒரு மால்கம் இருந்தால் உங்கள் கேள்விக்கு இன்னொரு பதிலும் கிடைத்துவிடும்.

பிள்ளைக்கு வையுங்கள், தயக்கம் வேண்டாம். பள்ளியில் யாராவது அர்த்தம் தெரிந்துகொண்டு மொட்டை என்று கேலி செய்வார்களோ என்ற பயம் இருந்தால், பையனுக்கு விவரம் தெரிந்ததும் கொலும்பா கதையைச் சொல்லிவிடுங்கள், படகையும் பன்னிரண்டு பேரையும் திருட்டுத்தனமாகப் படியெடுத்த சங்கீதத்தையும். சின்னப் பையன்களுக்குப் பிடிக்கும். நாமத் திருநாள் வேண்டுமென்றால் ஜூன் 9. எழுத்து மட்டும் ஒரே மாதிரி இருக்கட்டும், ஞானஸ்நானப் பதிவிலும் பிறப்புச் சான்றிதழிலும் ‘மால்கம்’ என்றே தமிழில் எழுதச் சொல்லுங்கள், ‘மால்கொல்ம்’ என்று யாராவது ஆங்கில எழுத்தைப் பார்த்துக் கூட்டி எழுதிவிட்டால் பிறகு திருத்த அலைய வேண்டியிருக்கும். முதல் மொட்டை எப்போது போடுகிறீர்களோ, அன்றைக்குத் தாத்தா படத்துக்கு முன்னால் உட்காரவைத்து ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.